தாய் அல்லது தந்தை, ஒருவர் மட்டும்

ஃபின்பார் கோட்டர் ரொட்டி வண்டி ஓட்டுகிறவர். ஐம்பத்து நான்கு வயது. கல்யாணம் ஆகவில்லை. எங்கள் ஊர் கில்வாராவில் எந்த நாய்க்கும் பயப்படாத ஆள் அவர் ஒருவர்தான். அவர் பயந்தது யாழ் முத்திரை போட்ட பழுப்பு உறைக்கு மட்டும். அரசாங்கத்திலிருந்து அப்படி ஒன்று வந்தால் இரண்டு நாள் அதை ரொட்டிப் பெட்டியின் மேல் வைத்துச் சுற்றிச் சுற்றி வருவார். மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு டிம்ப்னா ஹர்லியிடம் கொண்டுபோய்ப் படிக்கச் சொல்வார். படிக்கத் தெரியாமல் இல்லை. பயம்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. அவருடைய தங்கை ரோஷீன் இரண்டு வருஷத்துக்கு முன்பு, மார்ச் மாதத்தில், மூளையில் ரத்தக்குழாய் வெடித்து ஒரே மத்தியானத்தில் போய்விட்டாள். அவள் பெண் நெஸ்ஸாவுக்கு அப்போது நாலு வயது. தகப்பன் ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் இருப்பதாகச் சொன்னார்கள். அவன் ஒரு கடிதமும் போட்டதில்லை. அன்றிலிருந்து நெஸ்ஸா ஃபின்பாரிடம் வளர்கிறாள். ஆனால் அவர்தான் பாதுகாவலர் என்று நீதிமன்றம் இன்னும் எழுதித் தரவில்லை. விசாரணை நவம்பர் இருபத்து நாலாம் தேதி. அதுவரை காகிதத்தில் அவருக்குப் பெயர் "தற்காலிக ஏற்பாடு".

வசந்த காலத்தில் குழந்தை நல அலுவலகத்திலிருந்து வீட்டைப் பார்க்க வந்த ஒரு பெண்மணி, புகை எச்சரிக்கை மணி ஒன்றுதான் இருக்கிறது என்று குறித்துக்கொண்டு போனார். ஃபின்பார் மறுநாளே இன்னும் எட்டு வாங்கி மாட்டினார். அதன் பிறகு அந்த வீட்டில் தேநீருக்குத் தண்ணீர் கொதித்தால் ஒன்பது மணிகளும் அலறும்.

இப்படிப்பட்ட மனிதர்தான் எங்கள் ஊர் ஹாலோவீன் வாரியத்தின் கையில் போய் விழுந்தார்.

வாரியத்தின் முழுப்பெயர் கில்வாரா பாதுகாப்பான ஹாலோவீன் வாரியம். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஹாலோவீன் அன்று பையன்கள் மூட்டிய நெருப்பில் ஒரு வேலியும், மருத்துவர் வீட்டுப் பூனையின் வாலில் பாதியும் கருகின. உடனே ஊராட்சி கூடி வாரியத்தை அமைத்தது. தலைவராக அட்ராக்டா ஹான்ரஹனை நியமித்தார்கள். அதற்கு முன்பு அந்த அம்மாள் வண்டி நிறுத்துமிடங்களைக் கவனித்துவந்தார். அவர் பொறுப்பேற்றபின் எங்கள் ஊரில் வண்டி நிறுத்தும் தகராறே கிடையாது. நிறுத்த இடம் கிடையாது.

வாரியம் முதலில் நெருப்பை ஒழித்தது. அதற்குப் பதிலாக நெருப்பின் படம் ஒன்றைச் சதுக்கத்தில் வைத்து, பக்கத்தில் ஒரு தீயணைப்புக் குடுவையையும் நிறுத்தியது. பிறகு பார்ம்பிராக் ரொட்டிக்கு வந்தது. திராட்சை போட்டுச் சுடும் அந்த ரொட்டிக்குள் ஒரு மோதிரம் இருக்கும். யாருடைய துண்டில் அது வருகிறதோ அவருக்கு அந்த வருஷம் கல்யாணம். தொண்டையில் சிக்கும் என்று மோதிரத்தை எடுத்துவிட்டு, ஒவ்வொரு ரொட்டியுடனும் ஒரு சான்றிதழ் வைத்தார்கள்: "இந்த ரொட்டியில் மோதிரம் இருந்திருக்கக்கூடும்." கடைசியாக, குழந்தைகள் பேய் வேஷம் போட்டு வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி, தின்பண்டம் தராவிட்டால் குறும்பு செய்வோம் என்று கேட்பது தடை செய்யப்பட்டது. அறிமுகமில்லாதவர் வீட்டுக் கதவை ஒரு குழந்தை எப்படித் தட்டலாம் என்று அட்ராக்டா கேட்டார். கில்வாராவில் அறிமுகமில்லாதவர் என்று யாருமே இல்லை என்பதை ஒருவர் எடுத்துச் சொன்னார். "அப்ப, இல்லாத ஆளுங்களோட வீட்டுக் கதவத் தட்டறது இன்னும் மோசம்" என்று அந்த அம்மாள் தீர்ப்புச் சொன்னார்.

ஆகவே பழைய பால்பண்ணைக் கூடத்தில் பன்னிரண்டு கதவுகளை நிறுத்தினார்கள். வீடு கிடையாது, கதவு மட்டும். ஹாலோவீன் அன்று மத்தியானம் இரண்டு மணிக்கு ஆறு வயது ஆன ஊர்க் குழந்தைகள் அத்தனை பேரையும் அங்கே கொண்டுவந்து விட வேண்டும். விடாவிட்டால் பழுப்பு உறை வரும்.

கதவுகளுக்குச் சட்டம் வேண்டுமே. கார்க் நகரத்துக் கல்லூரியில் நூற்றெழுபது வருஷத்துக்கு முன்பு ஒரு கணக்குப் பேராசிரியர் இருந்தார். மனிதன் யோசிக்கிற எதையும் ஆம், இல்லை என்ற இரண்டே விடைகளாகப் பிரித்து, ஒன்று, சைபர் என்று எழுதிவிடலாம் என்று காட்டியவர். இன்றைக்குக் கணினிக்குள் ஓடுகிற பூலியன் தர்க்கம் அவருடையது. அவர் ஒரு மழை நாளில் கில்வாராவில் வண்டிக்குக் காத்திருந்தார் என்பது வாரியத்தின் நம்பிக்கை. ஆதாரம் இல்லை. காத்திருக்கவில்லை என்பதற்கும் ஆதாரம் இல்லை என்பதால் அவர் எங்கள் ஊர்க்காரர் ஆகிவிட்டார். வாரியம் தன் விதிகள் எல்லாவற்றையும் அவர் வழியிலேயே எழுதியது.

அந்த அக்டோபர் முப்பத்தொன்றாம் தேதி இரண்டு மணிக்கு ஃபின்பார் நாற்பது பார்ம்பிராக்குகள், நாற்பது சான்றிதழ்கள், ஒரு நெஸ்ஸா ஆகியவற்றுடன் பால்பண்ணைக்கு வந்தார். நெஸ்ஸாவுக்கு ஆறு வயது ஆகி முதல் ஹாலோவீன், பேய் வேஷம். வெள்ளைப் படுக்கைவிரிப்பு, கண்ணுக்கு இரண்டு ஓட்டை. வாசலில் டிம்ப்னா ஒரு மேஜை போட்டு உட்கார்ந்திருந்தாள். வாரியம் அவளைச் சம்பளமில்லாத வாயிற்காப்பாளராக்கியிருந்தது.

"பேய்க்கு மேல இதப் போடணும்" என்று டிம்ப்னா ஒளிரும் மஞ்சள் சட்டை ஒன்றை எடுத்து நெஸ்ஸாவுக்கு மாட்டிவிட்டாள். முன்னும் பின்னும் 17 என்று எழுதியிருந்தது. "இருட்டுல பேய் தெரியாம யாராவது மோதிடக் கூடாதுல்ல."

"நான் இங்க கையெழுத்துப் போடலாமா டிம்ப்னா? நான் இன்னும் தற்காலிகம்தான்."

"உள்ள விடறதுக்குத் தாய், அல்லது தந்தை, அல்லது வேற யாராவது. தபால்காரன் கொண்டுவந்து விட்டாலும் எடுத்துக்குவோம். போடுங்க."

அவர் போட்டார். உள்ளே போவது அவ்வளவு சுலபமாக இருந்ததே என்று அவருக்கு அப்போது தோன்றவில்லை.

ரொட்டித் தட்டுகளை இறக்கும்போது அட்ராக்டாவின் துவக்க உரை நடந்துகொண்டிருந்தது. இருநூற்றுப் பதினோரு குழந்தைகள், சூனியக்காரிகளும் எலும்புக்கூடுகளும் ரத்தக்காட்டேரிகளும், மஞ்சள் சட்டையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

"குழந்தைகளே, போன வருஷம் இந்த வாரியத்தோட பொறுப்புல இருந்தப்ப ஒரு குழந்தையும் வெளிய தொலைஞ்சு போகல. ஏன்னு யோசிங்க. ஒரு குழந்தையையும் நாங்க வெளிய விடல. பயம்னா என்ன? தெரியாத ஒண்ணு. நாங்க எல்லாத்தையும் முன்னாடியே தெரியப்படுத்திடறோம். மூணு மணி பத்து நிமிஷத்துக்கு இடது பக்கத்துலேர்ந்து ஒரு வௌவால் வரும். அது காகிதம். அதப் பாத்து அலற விரும்பறவங்க இப்பவே கை தூக்கலாம்."

நாலு கைகள் உயர்ந்தன. குறித்துக்கொண்டார்கள்.

முதல் கதவு "உம்" கதவு. பாட்டும் பாட வேண்டும், பையையும் விரித்துப் பிடிக்க வேண்டும். இரண்டும் நடந்தால்தான் திறக்கும், ஒன்று குறைந்தாலும் திறக்காது. ஒரு கடற்கொள்ளைக்காரன் பிரமாதமாகப் பாடினான். ஆனால் ஒரு கைக்குக் கொக்கி மாட்டியிருந்ததால் பையை விரிக்க முடியவில்லை. "பாட்டு ஒண்ணு, பை சைபர். ஆகக்கூடி சைபர்" என்று கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. அடுத்தது "அல்லது" கதவு. பாட்டோ விடுகதையோ ஏதாவது ஒன்று போதும், இரண்டும் செய்தாலும் சரிதான். எல்லாக் குழந்தைகளும் அங்கேயே குவிந்ததால் கூட்டநெரிசல் அபாயம் என்று அதைப் பூட்டிவிட்டார்கள்.

"ஒன்றே ஒன்று" கதவில் ஒரு கேள்வி: குறும்பா, தின்பண்டமா? ஒன்றை மட்டும் கேட்டால் திறக்கும். இரண்டும் வேண்டும் என்றாலும் திறக்காது, இரண்டும் வேண்டாம் என்றாலும் திறக்காது. ஒரு குட்டிச் சூனியக்காரி தின்பண்டத்தை வாங்கிக்கொண்டு நாக்கைத் துருத்தினாள். தின்பண்டத்துடன் குறும்பும் சேர்ந்துவிட்டதால் கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

எல்லாவற்றிலும் பொல்லாதது "இல்லை" கதவு. தட்டினால் திறக்காது, தட்டாவிட்டால் திறக்கும். அதைத் தாண்டினால் உடனே இன்னொரு "இல்லை" கதவு. இல்லையும் இல்லையும் சேர்ந்தால் ஆம் என்பதால், இரண்டையும் தாண்டிய குழந்தை புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றது. இரண்டு எலும்புக்கூடுகளும் ஒரு பூசணிக்காயும் அதற்குள் மூன்றாம் சுற்றில் இருந்தார்கள். பூசணிக்காய் அழுதுகொண்டிருந்தது.

"மாமா, நீ எப்ப வருவ?" என்று, கிளம்பப்போன ஃபின்பாரிடம் நெஸ்ஸா விரிப்பின் ஓட்டை வழியாகக் கேட்டாள்.

"அஞ்சு மணிக்குள்ள."

"நிச்சயமா? ஆமா, இல்ல, எதாவது ஒண்ணு சொல்லு."

"ஆமா."

ஐந்துக்குக் கால் மணி இருக்கும்போதே வந்துவிட்டார். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. டிம்ப்னா மேஜையில் இப்போது வேறு படிவம் இருந்தது. அவள் அவரை நிமிர்ந்து பார்க்காமல் கேட்டாள்.

"தாய் வந்திருக்காங்களா?"

"டிம்ப்னா."

"நான் கேக்கல ஃபின்பார். படிவம் கேக்குது. தாய் வந்திருக்காங்களா?"

"அவ சாவுக்கு நீதான பாடின."

"பாடினேன். சைபர் போட்டுக்கறேன். தந்தை வந்திருக்காரா?"

"பெர்த்ல இருக்கான்."

"அதுவும் சைபர்." பேனாவைக் கீழே வைத்தாள். "சைபரும் சைபரும், சைபர்."

அப்புறம்தான் விதியைச் சொன்னாள். முதல் வருஷம், தாய் அல்லது தந்தை வந்தால் போதும் என்று வைத்தார்கள். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாத ஒரு புருஷனும் பெண்சாதியும் தனித்தனியாக வந்து, ஆளுக்கொரு எலும்புக்கூட்டை வீட்டுக்குக் கூட்டிப்போனார்கள். அவர்களுக்கு ஒரே பிள்ளை. இரண்டாவது வருஷம், தாயும் தந்தையும் சேர்ந்துதான் வர வேண்டும் என்றார்கள். கடலுக்குப் போனவர்களின் பிள்ளைகளும் விதவைகளின் பிள்ளைகளும் ஊராட்சித் தலைவர் வந்து சத்தம் போடும்வரை கூடத்திலேயே கிடந்தார்கள். இந்த வருஷம் அனுபவத்தையெல்லாம் கூட்டிக் கழித்து எழுதிய விதி: தாய் அல்லது தந்தை, ஒருவர் மட்டும். இரண்டு பேரும் வந்தால் தகராறு, இரண்டு பேரும் வராவிட்டால் அநாதை.

"நான் கூட்டிட்டு வந்தேனே. நீதான கையெழுத்து வாங்கின."

"அது உள்ள போறதுக்கு. இது வெளிய வர்றதுக்கு. எனக்கு உங்களத் தெரியும் ஃபின்பார், இந்தப் பட்டியலுக்குத் தெரியாதே."

"ஆறு மணிக்கு மூடறதுக்குள்ள யாரும் கூட்டிட்டுப் போகலன்னா என்ன ஆகும்?"

டிம்ப்னா வாசல் பக்கம் கையைக் காட்டினாள். வாசலுக்கு வெளியே ஒரு சின்னப் பேருந்து இயந்திரத்தை ஓடவிட்டபடி நின்றிருந்தது. கண்ணாடியில் ஒட்டியிருந்த தாளை அவர் அப்போதுதான் படித்தார். "அழைத்துச் செல்லப்படாத குழந்தைகள். கார்க்." அங்கே குழந்தை நல அதிகாரியிடம் ஒப்படைத்துவிட்டு ஒரு குறிப்பும் எழுதிக் கொடுப்பார்களாம். அந்தக் குறிப்பு எந்தக் கோப்பில் போய் உட்காரும் என்று அவருக்குத் தெரியும். இருபத்து நாலாம் தேதி நீதிபதி முன்னால் விரியப்போகிற கோப்பு. தலைவரைப் பார்க்காமல் நகரமாட்டேன் என்று ஃபின்பார் மேஜையைப் பிடித்துக்கொண்டார்.

அட்ராக்டா ஹான்ரஹன் அவரைத் தன் அறைக்கு அழைத்து நாற்காலி கொடுத்தார். மரியாதையான அம்மாள். யாரையும் நிற்க வைத்து இல்லை என்று சொல்ல மாட்டார்.

"மிஸ்டர் கோட்டர், நாங்க யாரையும் மறுக்கறதில்ல. மறுக்கறதுக்குன்னு தனிக் கதவு இருக்கு, அது உள்ள இருக்கு. உங்க விஷயத்துல நாங்க ஒரு முடிவும் எடுக்கல. விதி எடுத்த முடிவ எடுத்துச் சொல்றோம், அவ்வளவுதான். மனுஷங்க முடிவெடுத்தா தப்பு வரும். தப்பு வந்தா யாரு பொறுப்புன்னு கேப்பாங்க. அதனாலதான் இந்த வாரியத்துல யாருமே முடிவெடுக்கறதில்ல."

"அவ சின்னப் பொண்ணு மேடம். ராத்திரி விளக்கு இல்லாம தூங்க மாட்டா."

"விளக்குக்கு ஒரு கட்டம் இருக்கு, குறிச்சுக்கறேன். இப்ப இந்த அச்ச அறிக்கைய நிரப்பிக் குடுங்க. எல்லாப் பெரியவங்களும் குடுக்கணும்."

ஒரே கேள்வி. "நீங்கள் பயந்திருக்கிறீர்களா? ஆம் / இல்லை." ஃபின்பாரின் பேனா "ஆம்" பக்கம் போயிற்று.

"பயந்த ஆள்கிட்ட குழந்தையக் குடுக்க முடியாது" என்றார் அட்ராக்டா அன்பாக. "ஏதோ மறைக்கறாங்கன்னு அர்த்தம்."

பேனா "இல்லை" பக்கம் நகர்ந்தது.

"ஆறு வயசுக் குழந்தை பேருந்துல ஏறப் போவுது. அதுக்குக்கூட பயப்படலன்னா, அப்படிப்பட்ட ஆள்கிட்ட எப்படி நம்பிக் குடுக்கறது?"

அவர் எதையும் குறிக்காமல் தாளைத் திருப்பிக் கொடுத்தார். நிரப்பாத படிவம் என்று அட்ராக்டா அதைத் தனியாக ஒரு தட்டில் வைத்தார். அந்தத் தட்டில் ஏற்கெனவே நிறையத் தாள்கள் இருந்தன.

வெளியே வந்தபோது ஐந்து பத்து. கதவுகளுக்கு நடுவே மஞ்சள் சட்டைப் பேய்கள் பத்துப் பன்னிரண்டு நின்றன. பதினேழு எங்கே என்று அவர் கழுத்தை நீட்டித் தேடினார். கண்டுபிடித்துவிட்டார். அது வாசலைப் பார்த்துக்கொண்டு அசையாமல் நின்றது. விரிப்பு கன்னத்தோடு ஒட்டியிருந்தது. உள்ளே அழுதால்தான் அப்படி ஒட்டும்.

ஃபின்பார் தன் வாழ்நாளில் ஓர் அரசாங்கக் காகிதத்தை முழுவதுமாகப் படித்தது அப்போதுதான். டிம்ப்னாவின் மேஜையிலிருந்து விதிப்புத்தகத்தை இழுத்து, நின்றபடியே, விரலை வைத்து வைத்துப் படித்தார். பத்தொன்பதாம் பக்கத்தில் விரல் நின்றது.

"டிம்ப்னா, 'தாய் வந்திருக்க வேண்டும்'னுதான போட்டிருக்கு?"

"ஆமா."

"உசிரோட வந்திருக்கணும்னு எங்கயாவது இருக்கா?"

டிம்ப்னா புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். முன்னும் பின்னும் புரட்டினாள். "இல்ல" என்றாள் மெதுவாக. பிறகு இழுப்பறையைத் திறந்து ஒரு கட்டு இளஞ்சிவப்புத் தாள்களை எடுத்தாள். கட்டின் நூல்கூடப் பிரிக்கப்படவில்லை. "இன்னிக்கு ஒரு நாள் செத்தவங்க வீட்டுக்கு வருவாங்கன்னு நம்ம பக்கத்து வழக்கமில்லையா. பாரம்பரிய விழான்னு சான்றிதழ் வாங்கறதுக்காக அதையும் விதியில சேத்தாங்க. இறந்தோர் வருகைப் படிவம். இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல."

"முகமூடிய எடுன்னு கேப்பாங்களா?"

"வேஷத்தக் களையச் சொல்லக்கூடாது. விதி ஏழு." அவள் குரல் இறங்கியது. "ஃபின்பார், என்ன பண்ணப் போறீங்க?"

அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டிருந்தார்.

ரோஷீனின் அலமாரியை அந்த வீட்டில் இரண்டு வருஷமாக யாரும் திறக்கவில்லை. ஃபின்பார் அதன் முன்னால் ஒரு நிமிஷம் நின்றார், நேரம் இல்லை என்று தெரிந்தும். பிறகு திறந்தார். கடுகு மஞ்சளில் அவளுடைய குளிர்கால மேலங்கி. அங்கிப் பையில் ஒரு பேருந்துச் சீட்டும் பாதி தின்ற இருமல் மிட்டாயும். கோட்டர் குடும்பத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே தோள், அதனால் அங்கி பொருந்தியது. பச்சைத் துணியைத் தலையில் கட்டி, மூக்குவரை இழுத்துவிட்டு, கண்ணாடியைப் பார்த்தார். பார்த்ததும் பின்னால் நகர்ந்து கட்டிலில் இடித்துக்கொண்டார். கண்ணாடியில் நின்றது அவர் இல்லை.

ஐந்து ஐம்பதுக்கு வாசலில் அந்த உருவம் வந்து நின்றபோது டிம்ப்னா சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். பிறகுதான் காலணியைப் பார்த்தாள். ரொட்டி மாவு ஒட்டிய ஆண்பிள்ளைக் காலணி. ஒன்றும் சொல்லாமல் இளஞ்சிவப்புக் கட்டின் நூலைப் பிரித்தாள். அதற்குள் அட்ராக்டாவும் வந்துவிட்டார். இந்தப் படிவம் முதன்முதலாகப் பயன்படப்போகிறது என்பதில் அந்த அம்மாளின் முகம் மலர்ந்திருந்தது. தானே பேனாவை எடுத்துக்கொண்டார்.

"பேரு?"

"ரோஷீன் கோட்டர்." குரல் உடைந்து பாதி ஆணாகவும் பாதி ஒன்றுமில்லாததாகவும் வந்தது. செத்தவர்களின் குரல் எப்படி இருக்கும் என்று படிவத்தில் இல்லாததால் அதை யாரும் கேட்கவில்லை.

"நிலை?"

"செத்துட்டேன்."

"எப்பலேர்ந்து?"

"ரெண்டு வருஷம் ஏழு மாசம்."

"முகவரி?"

"புனித கோப்னட் கல்லறைத் தோட்டம். சுவர் ஓரம், மூணாவது வரிசை."

"நிரந்தர முகவரியா, தற்காலிகமா?"

அந்த உருவம் தலைத்துணியை இன்னும் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டுக்கொண்டது. "நிரந்தரம்" என்றது.

அட்ராக்டா அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டார். "தந்தை கூட வந்திருக்காரா? வந்திருந்தா விதிப்படி ரெண்டு பேருக்கும் குடுக்க முடியாது."

"வரல."

"ரொம்ப நல்லது. தாய் ஒண்ணு, தந்தை சைபர். ஒருவர் மட்டும். விதி நிறைவேறிடுச்சு." நிமிர்ந்து பார்த்தார். "ஒரு விஷயம் சொல்லணும் மிஸஸ் கோட்டர். சாயங்காலம் ஒரு ஆள் இதே குழந்தையக் கேட்டு வந்தாரு. ரொம்பப் பதட்டமா இருந்தாரு. நாங்க குடுக்கல."

"நன்றி" என்றது உருவம்.

"பதினேழக் கூப்பிடுங்க. குழந்தையும் அடையாளம் சொல்லணும். ஆமா, இல்லன்னு ஒரு வார்த்த போதும்."

அப்போதுதான் ஃபின்பாருக்கு உறைத்தது. எல்லாவற்றையும் யோசித்தவர் இதை யோசிக்கவில்லை. ஆறு வயதுக் குழந்தை. அழுது களைத்திருக்கிறாள். இருட்டுகிற நேரத்தில் தன் தாயின் அங்கி தனக்காக வாசலில் நிற்பதைப் பார்க்கப்போகிறாள். அலறுவாள். இனி ஆயுசுக்கும் எந்த விளக்கைப் போட்டாலும் தூங்க மாட்டாள். பேருந்தே தேவலை என்று ஒரு கணம் தோன்றியது. துணியை உருவி எறிந்துவிட்டு ஓடலாமா என்று கை மேலே போயிற்று.

பதினேழாம் எண் பேய் கதவுகளைச் சுற்றிக்கொண்டு வந்தது. மஞ்சள் அங்கியைப் பார்த்ததும் அப்படியே நின்றது. விரிப்பின் கீழே இரண்டு சின்னக் காலணிகள் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டன.

"பயப்படாத கண்ணு" என்றார் அட்ராக்டா. "இது உன் அம்மாவா? ஆமாவா, இல்லையா?"

பேருந்துக்காரர் வாசலில் வந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பேய் இரண்டடி முன்னால் வந்தது. இன்னும் இரண்டடி. அங்கியின் முன்பக்கத்தில் முகத்தை வைத்து, விரிப்பு உள்ளே இழுபடும் அளவுக்கு மூச்சை இழுத்தது. பிறகு குனிந்து காலணியைப் பார்த்தது.

"அம்மாவும்" என்றது. சற்று யோசித்தது. "மாமாவும்."

டிம்ப்னாவின் பேனா மேஜையிலிருந்து உருண்டு விழுந்தது, அவள் எடுக்கவில்லை. அட்ராக்டா விதிப்புத்தகத்தைத் திறந்தார். பத்தொன்பதாம் பக்கத்தைப் படித்தார். மறுபடியும் படித்தார். அவருடைய உதடுகள் அசைந்தன.

"மாமாங்கறது இந்த விதியில இல்லாத ஒண்ணு" என்றார் கடைசியில். "விதியில இல்லாதது வந்திருந்தாலும் வராத மாதிரிதான். இருந்தாலும் இல்லாத மாதிரிதான். அம்மான்னு சொன்னது மட்டும் கணக்கு." இளஞ்சிவப்புத் தாளில் முத்திரை குத்தினார். "கூட்டிட்டுப் போங்க மிஸஸ் கோட்டர். அடுத்த வருஷம் வர்றதா இருந்தா முன்கூட்டியே சொல்லிடுங்க."

ஃபின்பார் வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தினார். நெஸ்ஸா விரிப்பைத் தலைக்கு மேல் உருவினாள். முடி எல்லாம் நட்டுக்கொண்டு நின்றது.

"நீ செத்துப் போயிடலல்ல?"

"இல்லடா."

"அந்த அம்மா எழுதிக்கிட்டாங்களே."

"அவங்க எழுதினா ஆயிடுமா?"

அவர் தலைத்துணியை அவிழ்த்துவிட்டு அங்கியின் பொத்தானில் கை வைத்தபோது அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வீடு வர்ற வரைக்கும் இருக்கட்டும்."

அப்படியே ஓட்டிக்கொண்டு போனார். வழியில் எந்த வீட்டுக் கதவிலும் ஒரு குழந்தையும் நிற்கவில்லை. வாசல் விளக்குகள் மட்டும் எரிந்துகொண்டிருந்தன. மறுநாளிலிருந்து அவர் காத்திருந்தார். தபால்காரரின் மிதிவண்டிச் சத்தம் கேட்டால் கையில் இருக்கும் ரொட்டியை வைத்துவிட்டு ஜன்னல் திரைக்குப் பின்னால் போய் நிற்பார். செத்தவர் பெயரில் குழந்தையைக் கூட்டிவந்ததற்கு என்ன தண்டனை என்று டிம்ப்னாவிடம் இரண்டு தடவை கேட்டார். எந்தப் புத்தகத்திலும் அப்படி ஒன்று இல்லை என்று அவள் சொன்னது அவருடைய பயத்தைக் கூட்டியது.

இருபத்து நாலாம் தேதி நீதிமன்றத்தில் அவருடைய முறை வந்தது. நீதிபதிக்குக் கடும் ஜலதோஷம். கோப்பைப் புரட்டினார், குழந்தை பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்காகப் போகிறதா என்று கேட்டார், கையெழுத்துப் போட்டார். நாலு நிமிஷம். ஹாலோவீன் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஃபின்பார் நடைபாதைக்கு வந்து, சுவரில் சாய்ந்து, கூட வந்திருந்த டிம்ப்னாவின் கைக்குட்டையை வாங்கிக்கொண்டார்.

டிசம்பர் முதல் வாரத்தில் உள்ளூர்ப் பத்திரிகையில் வாரியத்தின் ஆண்டறிக்கை முழுப் பக்கத்துக்கு வெளியானது. ஃபின்பார் அடுக்களை மேஜையில் விரித்து நெஸ்ஸாவுக்கு வாசித்துக் காட்டினார். வந்த குழந்தைகள் இருநூற்றுப் பதினொன்று. பத்திரமாகத் திரும்பியவர்கள் இருநூற்றுப் பதினொன்று. திட்டமிட்டபடி அலறியவர்கள் நான்கு. எல்லாவற்றுக்கும் கீழே ஒரு தனி வரி இருந்தது: "இவ்வாண்டு வருகை தந்த இறந்தோர் ஒருவர். அவர் வாரியத்தின் எல்லா விதிகளுக்கும் முழுமையாகக் கட்டுப்பட்டு நடந்துகொண்டார்."

நெஸ்ஸா ரொட்டியின் ஓரத்தைக் கடித்தபடி கேட்டாள். "அம்மா அப்படித்தான் இருப்பாளா? சொன்ன பேச்செல்லாம் கேட்டுக்கிட்டு?"

ஃபின்பார் அந்த வரியை இன்னொரு தடவை படித்தார்.

"உசிரோட இருந்த வரைக்கும் ஒருத்தன் பேச்சையும் கேட்டதில்ல" என்றார்.